ஸ்னோ ஆயம்மாவின் ஏழு பூச்சு

பசறைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் இருக்கிற அத்தனை மலைகளிலும் வயதாகாமல் இருந்தவர் ஸ்னோ ஆயம்மா ஒருவர்தான். மழைக்காலத்தில் எங்கள் மலைகளே அங்கங்கே சரிந்திருக்கின்றன. ஆயம்மாவின் கன்னம் சரிந்ததாக வரலாறு கிடையாது. அப்படிப்பட்ட கன்னத்துக்கும் ஒரு நாள் பரீட்சை வந்தது.  முதலில் அந்த முகம் எப்படித் தயாரானது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயம்மாவுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. விடியற்காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு முடிந்து கொழுந்தெடுக்க மலைக்கு ஏறும் பெண்கள், கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். நீளமான ஒரே அறை. விட்டத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அறையின் கடைசியில் ஒரு தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் ஆயம்மாவின் கட்டில், டிரங்குப் பெட்டி, சுவரில் ரசம் போன கண்ணாடி ஒன்று. கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகையில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் போத்தல்கள் இருந்தன.

முகத்தைப் பயத்தமாவால் கழுவுவதை ஆயம்மா கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகுதான் பூச்சு ஆரம்பம். பன்னீர், வெனிவேல் என்கிற மரமஞ்சள் கட்டை அவித்த தண்ணீர், கற்றாழைச் சாறு, கிளிசரின், இரண்டு சொட்டு நல்லெண்ணெய், ஸ்னோ என்கிற வெள்ளைக் கிரீம், கடைசியில் பவுடர். ஆக ஏழு. இந்த வரிசையை மாற்றுவது, பொட்டை மூக்கில் வைப்பதற்குச் சமம்.

"தண்ணியா இருக்கிறது மொதல்ல போகணும். கெட்டியா இருக்கிறது பொறவு. மாவு கடைசி. எண்ணய மொதல்ல தேச்சுட்டு அதுமேல பன்னீர ஊத்துனா அது எங்க போகும்? சேம்பு இலைத் தண்ணி கணக்கா உருண்டு ஓடிரும். மேல தூக்கித் தடவணும். கீழ இழுத்தீனா தோலும் கூடவே வந்துரும். கழுத்த மறந்துராத. கழுத்துதான் நம்மள காட்டிக்குடுக்கும்."

லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் இதை வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். எங்கள் கணக்கப்பிள்ளை ஒருவரின் மகள் மட்டும் செய்யவில்லை. பெண் பார்க்க வரும் அன்று அவசரத்தில் முதலில் பவுடரை அப்பி, மினுமினுப்பு வேண்டுமென்று அதன்மேல் நல்லெண்ணெயைத் தடவிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும், "இது பரவுற வியாதிங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆயம்மாவைக் கூட்டி வந்து, எல்லாவற்றையும் வழித்தெடுத்துப் புதிதாக ஏழு பூச்சும் பூசிய பிறகுதான் தட்டு மாறியது.

ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் காய விட வேண்டும். ஆயம்மாவிடம் கடிகாரம் கிடையாது. தாலாட்டுத்தான் கடிகாரம். பன்னீர் பூசிவிட்டு ஒரு தாலாட்டு. வெனிவேலுக்கு ஒன்று. கிளிசரின் காயச் சோம்பேறி என்பதால் அதற்கு மட்டும் நீளமான பாட்டு. ஏழாவது பூச்சு ஏறும் நேரம் காம்பரா முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். எந்தக் குழந்தை எந்தப் பூச்சில் தூங்கும் என்பது தாய்மாருக்கும் தெரியும். "என் மகன் கத்தாழையிலயே தூங்கிருவான்" என்று ஒருத்தி பெருமை பேச, "என் சனியன் ஸ்னோ வரைக்கும் முழிச்சிக்கிட்டுக் கெடக்கும்" என்று இன்னொருத்தி அலுத்துக்கொள்வாள்.

வெளியே போனால் மூடுபனியிலும் கறுப்புக் குடை. வெயில் வந்தால் விரிக்க நேரமிருக்காதாம். சிரித்தால் கண்ணோரம் சுருங்கும் என்பதற்காக, சிரிப்பு வரும்போது இரண்டு கன்னங்களையும் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பார். திருவிழாவில் பபூன் வந்து கூட்டமே விழுந்து புரளும்போது, பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்தபடி ஆயம்மா உட்கார்ந்திருப்பார். அழுகைக்கும் அதே பிடிதான்.

அது எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் கண்ணில் படாத காலம். பசறையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஆயம்மாவுக்கென்று ஒரு ஸ்னோ போத்தலை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார். "ஆயம்மா, இது கடைசிப் போத்தல். இனிக் கப்பல் வந்தாத்தான். ஊட்ல கேட்டதுக்கே இல்லண்டு செல்லிட்டேன்" என்பார். கிளிசரின் தோட்டத்து மருந்துக்கொட்டிலிலிருந்து வரும். குளிரில் உதடு வெடிக்கிறது என்று வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லியே வாங்கிவிடுவார்.

நான் அப்போது அந்தத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். அங்கேயே பிறந்தவன். ஒரு காலை, பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, புதுத் தொரை ஆர்டர் போட்டுட்டாரு. பிள்ளைக்காம்பரா வேலைக்கு ஐம்பத்தஞ்சு வயசுக்கு மேல ஆள் வேணாமாம். ஸ்னோ ஆயம்மாவுக்குப் பிறப்புப் பதிவு இல்ல. பழைய செக்ரோல் பேர்ப் புத்தகத்த கரையான் தின்னுருச்சு. பதுளையிலேர்ந்து டாக்டர் வந்து ஆளப் பாத்து வயசு சொல்லுவாராம்."

 வேலை போனால் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற கட்டிலும் போய்விடும். ஆயம்மாவின் சொந்தங்கள் எல்லோரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். "தொட்டில்ல கெடக்கிறத யார்கிட்ட குடுத்துட்டு வர்றது?" என்று இவர் மட்டும் நின்றுவிட்டவர். பிள்ளைக்காம்பராவை விட்டால் போக்கிடம் கிடையாது.

ஓடிப்போய்ச் சொன்னேன். ஆயம்மா கற்றாழையில் இருந்தார். பாட்டை நிறுத்தாமல் கேட்டு முடித்துவிட்டு, "வரட்டும். எனக்கு நாப்பத்தெட்டு. மொகத்தப் பாத்தாத் தெரியாதா?" என்றார்.

"மொகத்தப் பத்திப் பயமில்ல ஆயம்மா. பெரிய கங்காணிக்கு அம்பது வயசு. அவரத் தொட்டில்ல போட்டு ஆட்டுனது யாரு?"

ஆயம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அந்தத் தோட்டத்தில் பாதித் தலைகள் அவர் ஆட்டிய தலைகள். அதில் பாதி நரைத்துவிட்டது. ஆயம்மா எவ்வளவு பூசினாலும், ஊரில் நடமாடுகிற ஒவ்வொரு நரையும் அவருடைய வயதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. இதை நாங்கள் யாரும் அதுவரை யோசித்ததே இல்லை.

"அப்ப அவனுங்கதான் எங்கயாச்சும் போகணும்" என்றார் ஆயம்மா.

மறுநாள் பெரட்டுக் களத்துக்குக் குடையோடு வந்து நின்றார். "டாக்டரு வர்ற அன்னைக்கு நரைச்ச தல ஒண்ணு வெளிய தெரியக் கூடாது. துண்ட கட்டு, தொப்பிய போடு, இல்லாட்டி மேமலைக்கு ஏறிரு. எவனாச்சும் வந்து 'ஆயம்மா வளத்த புள்ள நான்'னு பல்ல இளிச்சீங்க, பாத்துக்கங்க."

கடைசி வார்த்தை பெரிய கங்காணிக்கு. ஆறடி உயரம், சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை மீசை. அவர் இருமினால் லயத்தில் நாய் குரைக்காது. ஆனால் யார் தோட்டத்துக்கு வந்தாலும், ஆயம்மாவைக் காட்டி, "இவுங்க கையால வளந்தவனுங்க" என்று கும்பிடுவது அவருடைய நெடுநாள் பழக்கம். ஆயம்மா முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் வாயத் தொறக்கமாட்டேங்க."

"நீ அப்பவும் அப்புடித்தான் சொல்லுவ. ராவெல்லாம் கத்துவ. நீ மேமலைக்குப் போயிரு."

டாக்டர் மத்தியானத்துக்குத்தான் வருவார் என்று தகவல். ஆயம்மா கணக்குப் போட்டார். காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு ஆரம்பித்தால், டாக்டர் வாசலுக்கு வரும்போது பவுடர் முகத்தில் படிந்திருக்கும், பிள்ளைகள் தூங்கியிருக்கும், காம்பரா கோயில் மாதிரி இருக்கும். அன்று காலையிலிருந்து தோட்டத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. கொழுந்து மலையில் ஒரே முணுமுணுப்பு. தலைப்பாகைகளைப் பார்த்தால் ஏதோ கல்யாண ஊர்வலம் போலிருந்தது. பெரிய கங்காணி மேமலைக்குக் கிளம்பும் முன் உத்தரவு வாங்க ஆபீசுக்கு வந்தார். சரியாக அந்த நேரம் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு வந்து நின்றது.

டாக்டர் இறங்கினார். ஒல்லியான யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பை எங்கேயோ அடகு வைத்துவிட்டு வந்தவர் போல முகம். "மழை வரப்போகுது. ரோட்டு உடைய முன்னம் நான் இறங்கவேணும். ஆள் எங்கை இருக்கிறா?" என்றார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாங்க" என்று பெரிய கிளாக்கர் கெஞ்சினார்.

"தேத்தண்ணி வேண்டாம். ஆரும் வழிகாட்டுங்கோ." டாக்டர் சுற்றிப் பார்த்தார். எல்லோரிலும் உயரமாக நின்றவரைத் தேர்ந்தெடுத்தார். "நீங்கள் வாருங்கோ."

கும்பிடுவதற்காகப் பெரிய கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதைத் திரும்பக் கட்டத் தோன்றாமல், வெள்ளைத் தலையும் வெள்ளை மீசையுமாக ஜீப்பில் ஏறி டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏறும்போது என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

ஜீப் ரோட்டு மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். நான் தேயிலைக்கு நடுவே குறுக்குப் படியில் விழுந்து எழுந்து ஓடினேன். தலைக்கு மேலே ஜீப்பின் சத்தம் ஒரு வளைவில் அமுங்கும், அடுத்த வளைவில் கேட்கும். கால் சறுக்கி ஒரு செருப்பு தேயிலைக்குள் போய்விட்டது. அதைத் தேடவில்லை.

ஆயம்மா கிளிசரினில் இருந்தார். முகம் நனைந்து பளபளத்தது. காம்பராவில் பாதிக் குழந்தைகள் இன்னும் விழித்திருந்தன.

"வந்துட்டாரு. ஜீப்பு கோயில் வளைவுல. கூடவே கங்காணி."

"அவனா?" ஆயம்மா கிளிசரின் போத்தலைக் கீழே வைத்தார். "இன்னும் மூணு பூச்சு கெடக்கேடா."

"பாட்டச் சுருக்குங்க ஆயம்மா."

"பாட்டச் சுருக்குனா மொகம் சுருங்கிப்போகும்."

ஆயம்மாவுக்கு உதவிக்கு இருந்தவள் ராமாயி. நல்ல பிள்ளை, ஆனால் பதற்றக்காரி. வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டதும் அவளுக்குக் கண் இருண்டுவிட்டது. எண்ணெயையும் ஸ்னோவையும் தாண்டி, பவுடர் டப்பாவை எடுத்து அப்படியே ஆயம்மாவின் முகத்தில் கொட்டி ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

காயாத கிளிசரின்மேல் பவுடர். நெற்றியில் கட்டி கட்டியாக நின்றது. கன்னத்தில் திரிந்த பால் போல உருண்டது. ஆயம்மா கண்ணாடியைப் பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். ராமாயி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கழுவ நேரமில்லை. ஆயம்மா பக்கத்துத் தொட்டிலிலிருந்து ஒரு குழந்தையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

டாக்டர் குனிந்து உள்ளே வந்தார். பின்னால் கங்காணி. உதட்டைக் கடித்து மூடியிருந்ததில் மீசை செங்குத்தாக நின்றது.

"நீங்கள்தானோ ஆயா? வெளிச்சத்துக்கு வாருங்கோ."

ஆயம்மா வந்தார். குழந்தையும் வந்தது.

"பிள்ளையை இறக்குங்கோ அம்மா. நான் பாக்க வேண்டியது உங்களை."

குழந்தை இறங்கியது. டாக்டர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். வைத்தியப் புத்தகத்தில் இப்படி ஒன்றை அவர் படித்திருக்கமாட்டார். பிறகு கைகளைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கழுத்தை ஆயம்மா ஒருநாளும் மறந்ததில்லை.

"என்ன வயசு?"

"நாப்பத்தெட்டுங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். அது ஆமா என்பதா, இல்லை என்பதா என்று தெரியவில்லை. "இஞ்சை எத்தினை வருசமா வேலை செய்யிறியள்?" என்றார். ஆயம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டாக்டர் திரும்பி, "கங்காணியார், இவ எப்ப வேலைக்குச் சேர்ந்தவ?" என்று கேட்டார்.

கங்காணி கையிலிருந்த தலைப்பாகையை முறுக்கினார். நெற்றியில் வேர்வை. அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கு நான் சாட்சி. கடைசியில் வாயைத் திறந்து, தனக்கு எதுவுமே தெரியாது என்பதைத் திடமாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் அப்பக் கைக்கொழந்தைங்க."

 டாக்டர் கங்காணியின் மீசையைப் பார்த்தார். மீசையிலிருந்து தலைக்குப் போனார். தலையிலிருந்து ஆயம்மாவுக்கு வந்தார். தான் என்ன சொன்னோம் என்பது கங்காணிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ ஆயம்மா" என்று அவர் போட்ட சத்தத்தில் தூங்கிய குழந்தைகளும் விழித்து, மொத்தக் காம்பராவும் ஒரே குரலில் அலறத் தொடங்கியது.

ஆயம்மாவுக்கு அழுகை வந்தது. கன்னத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினார், பிறகு விட்டுவிட்டார். கண்ணீர் பவுடர் கட்டிகளுக்கு நடுவே வழி வெட்டிக்கொண்டு இறங்கியது.

"வயசு எனக்கே தெரியாதுங்கய்யா" என்றார். "விடிய முன்ன தாய்க்காரி விட்டுட்டு மலைக்குப் போறா. அழுதுக்கிட்டே திரும்புற புள்ள நாள் முழுக்கப் பாக்குறது என் மொகத்த. அது ஒரு நல்ல மொகமா இருக்கட்டுமேன்னுதான் பூசுனேன். வேற எதுக்குங்க?"

இதைச் சொல்லிவிட்டு, டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருக்கவில்லை. இரண்டு கைகளாலும் இரண்டு தொட்டில் கயிறுகளைப் பிடித்தார். கிளிசரினுக்கு உரிய அந்த நீளமான பாட்டை எடுத்தார். குரல் முதலில் உடைந்தது, பிறகு நேரானது. அலறல் ஒவ்வொரு தொட்டிலாக அடங்கியது. ராமாயி விசும்பலை நிறுத்தினாள். டாக்டர் பேனாவைத் திறந்தபடி அசையாமல் நின்றார். பாட்டு முடியும்போது விழித்திருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். நான், டாக்டர், ஆயம்மா, ராமாயி. சுவரில் சாய்ந்திருந்த பெரிய கங்காணி, தலை தொங்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பிள்ளைகள் எழும்பாத குரலில், "இவருக்கு என்ன வயசு?" என்றார்.

"அம்பதுங்க."

"இவவுக்கு ஐம்பத்திரண்டு எண்டு எழுதிறன்." எழுதினார். மூடியைப் போட்டார். "ரெண்டு வயசிலை இவரைத் தொட்டிலிலை ஆட்டியிருக்கிறா. கெட்டிக்காரி."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஆயம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அம்பத்திரண்டா? நாப்பத்தெட்டுன்னு அத்தன தெளிவாச் சொன்னேன். என்னா டாக்டரு இவரு?" ஜீப் நகரும்போது வாசலுக்கே வந்து, "ஐயா, மொகம் பரவால்ல. கழுத்தக் கொஞ்சம் கவனிங்க. எண்ணய ஸ்னோவுக்கு முன்ன போடணும், மறந்துராதீங்க" என்று சொல்லி அனுப்பினார். ஜீப் திரும்பும்போது பார்த்தேன். டாக்டர் ஒரு கையால் தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து, தூங்குகிற கங்காணியைப் பார்த்ததும் ஆயம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்று கன்னத்தைப் பிடிக்கவில்லை. வாய் விட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். கண்ணோரம், நெற்றி, உதட்டோரம் எல்லாம் கொத்துக் கொத்தாகச் சுருங்கின. அத்தனை வருடம் ஏழு பூச்சுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த வயது முழுவதையும் அன்று ஒரே தடவையில் பார்த்துவிட்டேன். அதைவிட அழகான முகத்தை அந்த மலையில் நான் பார்த்ததில்லை.

அதன் பிறகும் வருடக்கணக்காக ஆயம்மா பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தார். அடுத்து வந்த டாக்டரிடம் ஐம்பத்தொன்று என்று சொன்னதாகக் கேள்வி. கடைசி வரைக்கும் தடுப்புக்குப் பின்னால் இருந்த அந்தக் கட்டிலை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

என்னையும் தொட்டிலில் ஆட்டியவர் ஆயம்மாதான். நான் வெனிவேலில் தூங்கிவிடுவேனாம். இப்போது என் தலை முழுக்க வெள்ளை. ஆயம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அவருடைய வயதை இனி எந்த டாக்டரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் பசறைப் பக்கம் போகும்போதெல்லாம், பஸ்ஸைவிட்டு இறங்குவதற்கு முன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன்.